குடல் அழற்சிக்கு வெள்ளணு ஸ்கேன்: புதுசா வர்றவங்க பண்ற சொதப்பல்கள்

சேலத்துல எங்க நியூக்ளியர் மெடிசின் டிபார்ட்மென்ட்டுக்கு வருஷா வருஷம் புதுப் பசங்க டிரெய்னிங் வர்றாங்க, நாங்க அந்தக் காலத்துல அடிச்ச அதே கூத்த இப்பதான் கண்டுபிடிச்ச மாதிரி அவங்களும் அடிக்கிறாங்க. லேபிள் மாத்தி ஒட்டுறது, கர்ப்பமான்னு கேக்காம ஊசி போடுறது, இதெல்லாம் நான் எழுதப் போறதில்ல. அதுகூடத் தெரியலன்னா கதிரியக்க மருந்து தயார் பண்ற ஹாட் லேப் பக்கமே வராதீங்க.

விஷயம் இதுதான். நோயாளிகிட்ட 40, 50 மில்லி ரத்தம் எடுத்து, அதுல வெள்ளணுவ மட்டும் பிரிச்சு, டெக்னீஷியம் எச்எம்பிஏஓங்கற கதிரியக்க மருந்த ஏத்தி அவருக்கே திருப்பிப் போடுறோம். க்ரோன்ஸோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ மாதிரி குடல் அழற்சி நோய் இருந்தா குடல் எங்க வீங்கியிருக்கோ அங்க அந்த அணுங்க போய்ச் சேரும், காமா கேமராவுல தெரியும். இடுப்பெலும்பு மஜ்ஜை, கல்லீரல், மண்ணீரல் இதுங்களோட ஒப்பிட்டு கிரேடு போட்டாதான் தீவிரம் எவ்ளோன்னு சொல்ல முடியும்.

நேரம் தப்புன படம்

இதுதான் எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வர்ற தப்பு.

ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல வேல பாக்குற ஒரு அம்மா. முதல் பஸ்ஸ புடிச்சு 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி வந்ததுல வாந்தி வேற, முகமே வாடிப் போச்சு. ஊசி போட்ட பையன் பாவப்பட்டு "போயி நல்லா சாப்ட்டு வாங்கம்மா"ன்னு அனுப்பிட்டான், எத்தன மணிக்குள்ள வரணும்னு சொல்லல. அவங்க அம்மாபேட்டைல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயி சாப்ட்டு, கொஞ்சம் கண்ணசந்து, 4 மணி நேரம் தாண்டித்தான் வந்தாங்க. பையன் அப்ப எடுத்தது ஒரே ஒரு படம். வலது அடிவயிறு பளிச்சுன்னு இருந்துச்சு, ரிப்போர்ட்லயும் 'தீவிர அழற்சி'ன்னு போயிருச்சு.

எச்எம்பிஏஓ முழுசா அணுவுக்குள்ளயே தங்காதுங்க. கொஞ்சம் வெளிய கசிஞ்சு கல்லீரல் வழியா பித்தத்துல கலந்து குடலுக்குத்தான் வரும், சிலருக்கு 3, 4 மணி நேரத்துலயே சிறுகுடல் கடைசியிலயும் வலது பெருங்குடல்லயும் தெரிய ஆரம்பிச்சிரும், அது நோயே இல்ல. வயிறு முட்ட சாப்ட்டா பித்தப்பை சுருங்கி இன்னும் கொட்டும். நெஜமாவே அழற்சி இருந்தாலும், அங்க சேர்ந்த வெள்ளணு உதிர்ந்து மலத்தோட கீழ நகர்ந்து போகும். அதனால லேட்டா எடுத்த படத்த மட்டும் வச்சு எடம் சொல்றது, ஆடித் திருவிழா முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற கூட்டத்தப் பாத்துட்டு கோட்டை மாரியம்மன் கோயிலே அங்கதான் இருக்குன்னு சொல்ற மாதிரி.

கேஸப் பாத்த குடல் டாக்டர் சுதாரிச்சாரு. ரத்தத்துல அழற்சியக் காட்டுற சிஆர்பி நார்மல், பேதியும் கொறஞ்சிருக்கு, இதெப்படி தீவிரம்னு ஃபோன் அடிச்சாரு. டிபியா க்ரோன்ஸான்னே முடிவாகாத கேஸ் அது, நம்ம ரிப்போர்ட்ட நம்பி ஸ்டீராய்ட ஏத்தி, உள்ள டிபி இருந்து அது பரவியிருந்தா என்னாகறது? மறுபடி வரச் சொல்லி, மறுபடி ரத்தம், மறுபடி கதிர்வீச்சு. இந்தத் தடவ ஒரு மணி நேரப் படத்துல குடல் சுத்தமா இருந்துச்சு. "எங்கிட்ட ரத்தமே இல்லீங்களே சாமி"ன்னு அந்த அம்மா கேட்டதுக்கு யாருகிட்டயும் பதில் இல்ல.

அதனால ஊசி போட்ட 30 நிமிஷத்துலேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு படம், 2லேருந்து 4 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. முதல் படத்துலயே தெரிஞ்சு, ரெண்டாவதுலயும் அதே எடத்துல நின்னா அழற்சின்னு சந்தேகப்படுங்க. முதல் படம் விட்டுப் போச்சுன்னா அத ரிப்போர்ட்ல எழுதுங்க, கிரேடு போடாதீங்க. முக்கியமா, ஆள வெளிய விடாதீங்கப்பா, டீய நாமளே வாங்கிக் குடுத்தா என்ன கொறஞ்சிரும்?

திங்கக்கிழமை ஜெனரேட்டர்

இந்த ஜெனரேட்டர் கரண்டுக்கு இல்ல, டெக்னீஷியம் குடுக்குற பெட்டி; அதுலேருந்து டெக்னீஷியத்தக் கரைச்சு எடுக்கறதுதான் எலூட் பண்றது. ஞாயித்துக்கிழமை யாரும் எலூட் பண்ணல, காலைல வந்ததும் முதல் எலூட்ட இந்த எச்எம்பிஏஓ கிட்ல ஊத்துறாங்க. லீவுல தேங்குன, படத்துக்கு உதவாத டெக்னீஷியம்-99 போட்டிக்கு வந்து, அணுவுல மருந்து ஏத்துற லேபிளிங் படுத்துரும். எச்எம்பிஏஓவுக்கு, கடைசி 24 மணி நேரத்துக்குள்ள ஒரு தடவ எலூட் பண்ண ஜெனரேட்டர் வேணும், எலூட்டும் 2 மணி நேரத்துக்கு மேல பழசாகக் கூடாது. முதல் எலூட்ட எலும்பு ஸ்கேனுக்குக் குடுத்துட்டு அப்புறம் எடுக்கறத இதுக்கு வச்சுக்கங்க.

ஸ்கிரீன் வெளிச்சத்த வச்சு கிரேடு

விண்டோவ, அதாவது ஸ்கிரீன்ல படத்தோட வெளிச்ச அளவ, ஏத்துனா யாரு குடலும் எரியும்.

சளி

சைனஸ், நிமோனியா இருக்கான்னு கேளுங்க. முழுங்குன சளில இருக்குற வெள்ளணுவும் குடல்லதான் போய்த் தெரியும். குடல்ல ரத்தக்கசிவு இருந்தாலும் இதே ஏமாத்துதான்.

மெட்ஃபார்மின்

இது வெள்ளணு ஸ்கேன் இல்லாம எஃப்டிஜி பெட் (கதிரியக்கச் சர்க்கரை ஏத்தி எடுக்கற ஸ்கேன்) எடுக்கறவங்களுக்கு. இந்தச் சர்க்கரை நோய் மாத்திரை போடுறவங்களுக்கு குடல் முழுக்கப் பளபளக்கும், அழற்சி எது மாத்திரை எதுன்னு பிரிக்கவே முடியாது. சர்க்கரை டாக்டர்கிட்ட கேட்டு 48 மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும், காலைல வந்தப்புறம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல.

மலக்குடல்

முன்பக்கப் படத்துல மூத்திரப்பை மறைச்சிரும். ஒண்ணுக்குப் போயிட்டு வரச் சொல்லி, கேமரா டிடெக்டர் மேல உக்கார வச்சு ஒரு படம் எடுங்க.