நீலத்திரை வந்தால் செய்யக் கூடாதவை: தடயத்தை அழிக்கும் பழுதுபார்ப்புத் தவறுகள்

வேலையின் நடுவில் கணினி நீலத்திரை காட்டி நின்றுவிட்டால், பலரும் உடனே இறங்குவது விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடும் வேலையில்தான். முதல் தவறே அதுதான். கோளாறு மென்பொருளில் இருந்தால், எதனால் வந்தது என்பதற்கான தடயம் ஃபார்மேட்டோடு போய்விடும். ரேமிலோ டிஸ்க்கிலோ இருந்தால், புது விண்டோஸும் அதே பழுதின் மேல்தான் உட்காரும். கெட்டுப்போன ரேம் வழியாக எழுதப்படும் கோப்புகள் நிறுவும்போதே சிதைந்துவிடக்கூடும். பிறகு வேறொரு பெயரில் மறுபடி நீலத்திரை வரும்.

விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் நம்ப முடியாத நிலை ஒன்று ஏற்பட்டதும், தரவு மேலும் கெடக் கூடாது என்பதற்காக விண்டோஸ் வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொள்கிறது. அப்படி நிற்கும்போது ஒரு காரணக் குறியீட்டையும், அந்த நேரத்து நினைவகத்தின் ஒரு பகுதியையும் (இதுதான் 'டம்ப்') பதிவு செய்துவிட்டுப் போகிறது. பழுதுபார்க்கும்போது நடக்கும் பெரிய தவறுகள் எல்லாம் இந்தப் பதிவைப் படிக்காமல் விடுவதிலோ, தெரியாமல் அழிப்பதிலோதான் தொடங்குகின்றன.

பதிவே ஆகாமல் தடுப்பது

கிராஷ் ஆனதும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் வருகிறது. குறியீட்டைப் படிப்பதற்குள் திரை மறைந்துவிடும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரியில் செட்டிங்ஸை அழுத்தி, 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் டம்ப் வகை 'ஸ்மால்' அல்லது 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கட்டும். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் 2025 முதல் இந்தத் திரை கறுப்பாக வருகிறது. நிறம்தான் மாறியிருக்கிறது, காரணக் குறியீடும், பழுதான டிரைவர் (வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) தெரிந்தால் அதன் பெயரும் அதிலும் இருக்கும்.

எஸ்எஸ்டி தேயாமல் இருக்கட்டும் என்று பேஜ்ஃபைலை (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் கோப்பு) முழுக்க நிறுத்தி வைப்பது இன்னொரு பரவலான தவறு. கிராஷ் நேரத்தில் டம்ப் முதலில் எழுதப்படுவது பேஜ்ஃபைலில்தான். அது இல்லையென்றால் வழக்கமான அமைப்பில் பதிவும் இருக்காது. அளவைச் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள். 'கிளீனர்' வகை மென்பொருள்கள் டம்ப் கோப்புகளைக் குப்பை என்று கணக்கிட்டு அழித்துவிடுவதால், காரணம் தெரியும்வரை அவற்றை ஓட்ட வேண்டாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள மினிடம்ப் ஃபோல்டரை முதல் வேலையாக வேறு டிரைவில் காப்பி செய்து வையுங்கள்.

கிடைத்த தடயத்தைத் தவறாகப் படிப்பது

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்ததும் 'கெர்னல்-பவர் 41' என்ற சிவப்பு வரி கண்ணில் படும். பெயரில் பவர் இருப்பதால் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிது வாங்குபவர்கள் உண்டு. அந்த வரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கணினி முறையாக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி தொடங்கியிருக்கிறது. அதன் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் பக்செக் கோட் என்ற எண்ணை, அதாவது நீலத்திரையின் காரணக் குறியீட்டைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் நீலத்திரை வரவில்லை. மின்சாரம் அறுந்திருக்கும், சிஸ்டம் உறைந்திருக்கும், அல்லது யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருப்பார்கள். வேறு எண் இருந்தால் அதுதான் உண்மையான குறியீடு. இங்கே அது பதின்ம எண்ணாக இருக்கும், நீலத்திரைக் குறியீடுகளின் பட்டியலிலோ பதினறும (ஹெக்ஸாடெசிமல்) எண்ணாக இருக்கும். இங்கே 292 என்று இருந்தால் பட்டியலில் 124ஐத் தேட வேண்டும். அது வன்பொருள் தானே புகார் செய்த பிழை. மாற்றாமல் 292 என்றே தேடினால் சம்பந்தமில்லாத இடத்தில் போய் நிற்போம்.

'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்ததும் ரேம்தான் கெட்டது என்று தீர்மானிப்பதும் இதே ரகம். தன் எல்லை தாண்டி எழுதிய ஒரு டிரைவராலும் அந்தக் குறியீடு வரும். டம்பை ஆராய்ந்தபோது கெர்னல் கோப்பின் பெயரே குற்றவாளியாக வந்தால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பிழை வெளிப்பட்ட இடம் அது; தொடங்கிய இடம் வேறாக இருக்கலாம். ஒரு டம்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல், நான்கைந்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் பெயர் வந்தால் சந்தேகம் அதன் மேல். ஒவ்வொரு முறையும் வேறு குறியீடு, வேறு கோப்பு என்றால் சந்தேகம் ரேமின் மேல்.

ரேமை அரைகுறையாகச் சோதிப்பது

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓட்டி, பிழை இல்லை என்று வந்ததும் ரேமை நம்பிவிடுகிறார்கள். விட்டுவிட்டு வரும் கோளாறு அதில் சிக்காமல் போகலாம். யூஎஸ்பியில் இருந்து மெம்டெஸ்ட்86ஐ பூட் செய்து நான்கு சுற்றும் முடியவிடுங்கள். 32 ஜிபி இருந்தால் இரவு முழுக்க ஓட வேண்டியிருக்கலாம். ஆயிரக்கணக்கில் பிழை வந்தால்தான் பழுது என்று எண்ண வேண்டாம், ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பழுதுதான்.

பிழை வந்தவுடன் ரேமைத் தூக்கி எறியவும் வேண்டாம். பெட்டியில் அச்சிட்ட வேகம் கிடைக்க பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) இயக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதே ஒருவகை ஓவர்கிளாக்தான், அதாவது இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான். அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பிழை மறைந்தால் ரேம் பெரும்பாலும் நல்லதுதான், அந்த வேகத்தைத்தான் தாங்கவில்லை. தனித்தனியாக வாங்கிய இரண்டு செட்டைக் கலந்து நான்கு ஸ்லாட்டையும் நிரப்பிய கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். அப்போதும் பிழை நீடித்தால், ஒரு ரேமை மட்டும் வைத்துச் சோதியுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் ப்ராசசரில் இருந்து இரண்டாவது ஸ்லாட் அதற்கு உரியது. ஒரே ரேமை இரண்டு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தால்தான் பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்று பிரியும். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கப் இல்லாமல் செக்டிஸ்க்

மீட்க முடியாத இழப்பு வருவது இங்கேதான். சாகும் தறுவாயில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில், கெட்ட செக்டர்களைத் தேடும் செக்டிஸ்க் முழுச் சோதனையை ஓட்டினால், அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்க வைக்கும். மிச்சம் இருந்த உயிரும் அந்தச் சில மணி நேரத்தில் போய்விடலாம். முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றில் ஸ்மார்ட் அளவீடுகளை (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) பாருங்கள். கெட்ட செக்டர்களை எண்ணும் 05, சி5, சி6 ஆகிய வரிகளின் மூல மதிப்பு (ரா வேல்யூ) பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், வேறு எதையும் தொடாமல் கோப்புகளை வெளியே எடுங்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். டிஸ்க்கை மாற்ற வேண்டியிருக்காது.

கணினி 'இன்அக்ஸெசிபிள் பூட் டிவைஸ்' என்று நின்றாலும் டிஸ்க் செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்து பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பினால், போர்டு டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ரெய்டில் இருந்து ஏஹெச்சிஐக்கோ, எதிர்த்திசையிலோ மாறிவிடக்கூடும். மறுபடி மாற்றி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும்.

டிரைவர் விஷயத்தில்

எல்லா டிரைவர்களையும் ஒரே அழுத்தில் புதுப்பிக்கும் மென்பொருள்களை நம்பாதீர்கள். பொருந்தாத பதிப்பைத் திணித்துப் புதுக் கோளாறு சேர்ப்பவை அவற்றில் பல. டிரைவரை லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் இருந்தும், கிராஃபிக்ஸுக்கு அந்தச் சிப் தயாரிப்பாளரிடம் இருந்தும் எடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு கிராஷ் தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் செய்து (பழைய பதிப்புக்குத் திரும்பி) பார்ப்பதே முதல் படி.

டிரைவர்களைக் கடுமையாகச் சோதித்துத் தவறு செய்வதைப் பிடிக்கும் டிரைவர் வெரிஃபையர் நல்ல கருவி. ஆனால் எல்லா டிரைவர்களையும் தேர்ந்தெடுத்து இயக்கினால் கணினி பூட் ஆவதற்குள்ளேயே விழுந்து விழுந்து எழும். மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் ரீசெட் செய்யுங்கள்.

சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்யும்போது வரிசை முக்கியம். கெட்ட சிஸ்டம் கோப்புகளை மாற்றும் எஸ்எஃப்சி கட்டளை நல்ல படிகளை எடுப்பது விண்டோஸின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்து. அந்தக் களஞ்சியமே கெட்டிருந்தால் அதனால் பயனில்லை. முதலில் டிஸ்ம் கட்டளையால் களஞ்சியத்தைச் சீராக்கி, பிறகு எஸ்எஃப்சியை ஓட்டுங்கள்.

சூடு, மின்சாரம், பயாஸ்

ப்ராசசர் அதிகமாகச் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் நீலத்திரை இல்லாமலே அணைந்துவிடும். விளையாடும்போது மட்டும் பட்டென்று அணைந்து, பக்செக் கோடும் பூஜ்யமாக இருந்தால், வெப்பநிலையைப் பார்த்த பிறகு பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். அதிக மின்சாரம் இழுக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் இரண்டு சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளின் இரு தலைகளைச் செருகியிருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள். பவர் சப்ளையைத் திறக்கவே கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கிராஷ் ஆகிக்கொண்டிருக்கும் கணினியில் பயாஸ் அப்டேட் ஆபத்தானது. நடுவில் நின்றால் போர்டே எழாமல் போகலாம். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் இதற்கு விதிவிலக்கு. அவற்றின் மின்னழுத்தக் கோளாறுக்கு 2024இல் மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் நிரல்) திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது. எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, பயாஸ் திரைக்குள் இருந்தே அதைப் போடுங்கள். ஏற்கெனவே சேதமடைந்த சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. வாரன்டியில் மாற்றத்தான் வேண்டும்.

பயாஸையோ சேஃப் மோடையோ (குறைந்தபட்ச டிரைவர்களோடு விண்டோஸ் தொடங்கும் முறை) தொடும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது, சேஃப் மோடில் ஒரு கோப்பை நீக்கினால் போதும் என்று தெரிந்தும் பல இடங்களில் இந்தச் சாவிக்காகவே காத்திருக்க நேர்ந்தது.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றுவது

ரேம், டிரைவர், பயாஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி, கிராஷ் நின்றுவிட்டால், எது தீர்த்தது என்று தெரியாது. திரும்ப வந்தால் எங்கே தொடங்குவது என்றும் தெரியாது. ஒரு மாற்றம், பிறகு காத்திருப்பு. எவ்வளவு காத்திருப்பது என்பதைப் பழைய இடைவெளியே சொல்லும். மூன்று நாளுக்கு ஒருமுறை விழுந்த கணினி ஒரு நாள் ஓடியதை வைத்துச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பத்து நாளாவது ஓடட்டும். தேதி, நேரம், குறியீடு, அப்போது ஓடிக்கொண்டிருந்த மென்பொருள், கடைசியாக மாற்றியது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க நேர்ந்தாலும் மினிடம்ப் ஃபோல்டரும் அந்தத் தாளும் சேர்ந்தே போகட்டும்.