குப்புறக் கவிழ்ந்த பக்கி

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணலில் ஒவ்வொரு குதிப்புக்கும் என் ரிமோட் பக்கியின் (மணலில் ஓட்டும் பொம்மை கார்) பின்பக்கம் தூக்கியடித்து, மூக்கு குத்திக் கவிழ்ந்தது. ஸ்பிரிங்தான் காரணம் என்று கடினமானதைப் போட்டேன், இன்னும் மோசம்.

கழற்றிப் பார்த்தால் பின் ஷாக்குகளில் (அதிர்வு தாங்கும் குழாய்கள்) எண்ணெயே இல்லை. எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்து எல்லாம் கசிந்திருந்தது. புது ஓ-ரிங்கில் சிலிக்கான் எண்ணெய் தடவி மாட்டினேன். (மெஷின் ஆயில் பக்கமே போகாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.) ஷாக்கின் தண்டைக் கீழே இழுத்து, 35 வெயிட் (எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு) எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கிக் குமிழிகளை வெளியேற்றினேன். அப்புறம் 10 நிமிடம் நிமிர்த்தி வைத்தேன். முதல் தடவை இதில் அவசரப்பட்டதால் ஷாக்குக்குள் காற்று நின்று 'புஸ்க் புஸ்க்' என்றது. மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

ஷாக்குகளுக்கு அலுமினிய மூடியும் போட்டேன். அது தேவையா என்று மனைவி கேட்டார், சரி, விடுங்கள். பழைய ஸ்பிரிங்கோடு இப்போது நாலு சக்கரத்திலும் இறங்குகிறது.