காலையில் பருவம் என்றால் மாலையில் சினை ஊசி

பசு காலையில் பருவ அறிகுறி, அதாவது காளையோடு சேரத் தயாரான அறிகுறி, காட்டினால் அன்று மாலையே சினை ஊசி (காளையின் விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் செயற்கைக் கருவூட்டல்) போடுங்கள். மாலையில் காட்டினால் மறுநாள் காலை. அறிகுறி தெரிந்த உடனேயும் வேண்டாம், ஒரு நாள் முழுக்கத் தள்ளவும் வேண்டாம்.

காரணம் இதுதான்: பசுவின் கருமுட்டை பருவ நேரத்தில் வெளிவருவதில்லை, பருவம் அடங்கி ஏறக்குறைய 10 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வரும். வந்த பிறகு அதற்கு ஆயுள் சில மணி நேரமே. விந்தணுவோ கருப்பைக்குள் சுமார் ஒரு நாள் தாங்கும், ஆனால் பக்குவப்பட அதற்கும் சில மணி நேரம் வேண்டும். இரண்டும் சந்திக்கும் நேரம் தவறினால், எவ்வளவு நல்ல காளையின் விந்தானாலும் வீண். அடுத்த பருவத்துக்கு 21 நாள் தீவனம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

கத்துவதை மட்டும் நம்பாதீர்கள், பசியிலும் மாடு கத்தும். வேறு மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்பதே உறுதியான அறிகுறி. கட்டுத்தறி மாடென்றால், பின்புறம் கண்ணாடி போலத் தெளிவாக, அறாமல் நீளமாகத் தொங்கும் சளியைப் பாருங்கள்.

அந்தச் சளி கலங்கியோ சீழ் கலந்தோ இருந்தால் ஊசி வேண்டாம், முதலில் சிகிச்சை. கன்று ஈன்று 2 மாதம் ஆகாத மாட்டுக்கும் பொறுங்கள். எருமைக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. அதன் அறிகுறிகள் மங்கலானவை, பெரும்பாலும் இரவில் வருபவை. கிடாரிக் கன்று பிறப்பதற்கான பாலினம் பிரித்த விந்து என்றால் கால்நடை மருத்துவர் சொல்லும் நேரமே சரி.