அடுத்தவர் ராட்டினத்தைப் பார்த்து நம் ராட்டினம்: ராமநாதபுரம் கடற்கரை மண்ணுக்கு ஒரு கணக்கு

ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கோ ராமேசுவரம் ஆடித் திருவிழாவுக்கோ வந்து இறங்கும் ராட்டினக்காரர் யாரும் தன் ஊஞ்சல் கப்பலைத் தானே கண்டுபிடித்தவர் இல்லை. ஒருவரிடம் கொலம்பஸ் என்ற அந்தக் கப்பலுக்குக் கூட்டம் சேர்ந்தால் அடுத்த சீசனில் மூன்று பேரிடம் கொலம்பஸ் நிற்கும். டிராகன் ரயிலும் அப்படித்தான் பரவியது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, இந்தத் தொழில் தொடங்கியதே இப்படித்தான். 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் லாமார்கஸ் தாம்சன் ஒரு சரிவு ரயிலை ஓட்டினார். மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகம், கட்டணம் 5 சென்ட். ஒரு முனையில் இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பிவிட்டு, மறுபடி ஏற வேண்டும். அதே ஆண்டு சார்லஸ் ஆல்கோக் இரண்டு முனைகளையும் சேர்த்து வட்டப் பாதையாக்கினார். அடுத்த ஆண்டே பிலிப் ஹிங்கிள் வண்டியை மேலே இழுக்கச் சங்கிலி போட்டார். போட்டியாளர்கள் தாம்சனுக்குச் சும்மா இருக்க இரண்டு வருடம்கூடக் கொடுக்கவில்லை.

காப்பியடித்ததில் விபரீதமும் உண்டு, திருத்தமும் உண்டு. 1895-இல் அதே கோனி ஐலண்டில் வந்த ஃபிளிப் ஃபிளாப் ரயில், முழு வட்டமான வளையத்தில் ஆளைத் தலைகீழாகச் சுற்றியது. வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் எடை சட்டென்று பல மடங்காகிக் கழுத்தைப் பதம் பார்த்தது. 1901-இல் வந்த லூப் தி லூப் அதே யோசனையை எடுத்து வட்டத்தை முட்டை வடிவமாக்கியது. 1976-இல் வெர்னர் ஸ்டெங்கல் கணக்குப் போட்ட கலிபோர்னியா ரெவல்யூஷன், நுழையும்போது அகலமாகவும் உச்சியில் குறுகலாகவும் இருக்கும் வளைவைக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்க ஓடுபவை அந்தத் திருத்தத்தின் வழிவந்தவை. எடுத்தவர் கணக்கை மறுபடி போட்டதால் வந்த திருத்தம் அது.

வடிவம் கண்ணில் படும். பைப்பின் கனம், வெல்டிங்கின் ஆழம், காலடியில் கட்டிய பாரம் எதுவும் படாது. இந்தக் குறிப்பு பெரும்பாலும் கண்ணில் படாததைப் பற்றியது.

பார்த்து எடுப்பது

முதலில் கேட்டுப் பாருங்கள். "அண்ணே, உங்க கப்பலுக்குச் சாஃப்ட் எத்தனை இன்ச், பேரிங் என்ன நம்பர்?" என்று நேரில் போய்க் கேட்டால் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். பல நேரம் இரண்டு பேருக்கும் ஒரே பட்டறைதான் வேலை செய்திருக்கும். சொல்லாவிட்டால் ஒரு டிக்கெட் எடுத்து ஏறுங்கள்.

உயரத்துக்கு ஏணி வேண்டாம். மாலை 4 மணிக்கு ஒரு மீட்டர் குச்சியை நட்டு, குச்சியின் நிழலையும் ராட்டினத்தின் நிழலையும் அளந்தால் போதும். குச்சி நிழல் 1.5 மீட்டர், ராட்டினத்தின் நிழல் 18 மீட்டர் என்றால் உயரம் 12 மீட்டர்.

கொலம்பஸ் கப்பலின் ஊஞ்சல் நீளத்தைக் கடிகாரமே சொல்லும். மோட்டாரை விட்டபின் கப்பல் தானாக அடங்கும் கடைசி ஆட்டங்களில், போய்த் திரும்பும் ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். நான்கைந்து ஆட்டத்தைச் சேர்த்து எடுத்துச் சராசரி போடுவது நல்லது. அந்த விநாடியை அதனாலேயே பெருக்கி, நாலால் வகுத்தால் ஊஞ்சல் நீளம் மீட்டரில் கிடைக்கும். 5.7 விநாடி என்றால் சுமார் 8 மீட்டர். உச்ச வேகத்தில் ஆடும்போது நேரம் எடுக்காதீர்கள். 60 டிகிரி வரை ஏறும் கப்பல் சின்ன ஆட்டத்தைவிட 7 சதவீதம் மெதுவாகப் போய்வரும், கணக்கு ஒரு மீட்டருக்கு மேல் பிசகும். காலியாக ஒருமுறை, ஆள் நிறைந்து ஒருமுறை என்று இரண்டு தடவை எடுங்கள். இரண்டு விடையும் வேறுபட்டால், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதிலிருந்தே புரியும்.

எடுக்கக் கூடாததும் உண்டு. இந்தியாவில் காப்புரிமை 20 ஆண்டுக்கு, பதிவான வடிவமைப்பு 10 ஆண்டும் நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டும் செல்லும். கப்பல் ஆடும் யோசனை யாருடைய சொத்தும் இல்லை. பிறர் வரைந்த வரைபடத்தை நகலெடுப்பதும், டிராகன் தலைக்குப் பதில் பிரபலமான கார்ட்டூன் முகத்தை ஒட்டுவதும் வேறு விஷயம். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது முகத்தில்தான், ஊஞ்சலில் இல்லை.

பாதியாக்கினால் என்ன ஆகும்

பெரிய பூங்காவில் 6 மீட்டர் இறக்கத்தைப் பார்த்துவிட்டு, நம்மிடம் இருக்கும் இடத்துக்கு 3 மீட்டராக்குவோம் என்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. பள்ளத்தில் ஆளின் எடை எத்தனை மடங்காகும் என்பதற்குச் சுருக்கமான கணக்கு இருக்கிறது: இறங்கிய உயரத்தை இரண்டால் பெருக்கி, பள்ளத்து வளைவின் ஆரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். 6 மீட்டர் இறக்கம், 6 மீட்டர் ஆரம் என்றால் 3 மடங்கு. இரண்டையும் பாதியாக்கினாலும் அதே 3 மடங்குதான். சின்ன ராட்டினம் மென்மையாக இருக்கும் என்பது பொய். குழந்தைகள் ஏறும் ரயிலில் 2 மடங்குக்குள் நிறுத்த வேண்டுமானால் 3 மீட்டர் இறக்கத்துக்கு ஆரம் 6 மீட்டர் வேண்டும். அடியில் வேகம் 27 கி.மீ. சொச்சம் வரும்.

பாதை பாதியானாலும் வண்டித் தொடர் பாதியாவதில்லை. நீளமான தொடரில் முன்பெட்டி மேட்டைத் தாண்டிச் சரிந்த பிறகுதான் கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும். அதற்குள் வேகம் ஏறியிருப்பதால் கடைசி சீட்டில் இருப்பவர் மேலே எழும்புவார். அதனால் தண்டவாளத்துக்கு மேல் ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்ற மூன்று சக்கர அமைப்பை விட்டுவிடாதீர்கள். அடிச் சக்கரத்துக்கு 1919-இல் ஜான் மில்லர் காப்புரிமை வாங்கினார், அது காலாவதியாகிப் பல தலைமுறை ஆயிற்று. இன்றும் சில சின்ன ரயில்களில் அடிச் சக்கரத்துக்குப் பதில் ஒரு கொக்கித் தகட்டை வளைத்து மாட்டியிருப்பார்கள். உப்புக் காற்றில் தகடு தேய்வதைக் கவனிக்க ஆள் இருக்காது.

ஆளின் கையும் பாதியாவதில்லை. உயரமான ஒருவரை சீட்டில் உட்காரவைத்து, கையை மேலும் பக்கமும் முழுதாக நீட்டச் சொல்லி, அதற்கு மேல் 10 செ.மீ. விட்டு பிவிசி பைப்பில் ஒரு சட்டம் கட்டுங்கள். சட்டத்தைப் பெட்டியில் மாட்டி, மெதுவாகத் தள்ளிக்கொண்டு முழுப் பாதையும் சுற்றுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே தூணை நகர்த்துங்கள், சட்டத்தை வெட்டாதீர்கள்.

வளைவுக்கும் கணக்கு உண்டு. 20 கி.மீ. வேகத்தில் 5 மீட்டர் ஆர வளைவில் திரும்பினால் எடையில் 63 சதவீதம் வெளிப்பக்கம் தள்ளும். பாதையை 32 டிகிரி உட்பக்கம் சாய்த்தால் அந்தத் தள்ளல் சீட்டுக்குள்ளேயே போய்விடும். சாய்க்காமல் விட்டால் பக்கச் சக்கரம் வாரத்துக்கு ஒரு பேரிங் தின்னும்.

மண்ணும் பாரமும்

காப்பியடித்தவை அதிகம் கெடுவது காலடியில்தான். மதுரையில் தார்த் தரையில் நின்ற கப்பலைப் பார்த்துக் கட்டியதை தேவிபட்டினம் மணலில் நிறுத்துவார்கள். ஒரு கணக்கு பார்ப்போம்.

ஆளோடு சேர்த்துக் கப்பல் 6 டன், கப்பல் தொங்கும் அச்சான சாஃப்ட் 9 மீட்டர் உயரம், முன்கால் பின்கால் இடைவெளி 7 மீட்டர், தாங்கி நிற்கும் சட்டம் 4 டன். 60 டிகிரிக்கு ஆடினால் அடியைக் கடக்கும்போது சாஃப்ட் தாங்குவது 12 டன். இது பலருக்குத் தெரியும். கப்பல் இறங்கும் வழியில், நடுவிலிருந்து 38 டிகிரி வாக்கில், சாஃப்டைப் பக்கவாட்டில் 5 டன் தள்ளுகிறது. இது பலருக்குத் தெரியாது. 5 டன் 9 மீட்டர் உயரத்தில் தள்ளினால் ஒரு பக்கக் கால்களில் 6.5 டன் கூடும், மறுபக்கத்தில் 6.5 டன் குறையும். அந்த நேரத்தில் கப்பலின் பாரமும் சட்டத்தின் பாரமுமாக ஒரு பக்கத்துக்கு 5.2 டன்தான் இருக்கிறது. ஆக 1.3 டன் காலை மண்ணிலிருந்து பிடுங்கப் பார்க்கும், மறு ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்தை. தூக்கும் அந்த 6.5 டன்னுக்கு ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 4.5 டன் பாரம் கட்ட வேண்டும், அதாவது 50 கிலோ மணல் மூட்டை 90. காற்றுக்குத் தனி.

இனி அழுத்தும் பக்கம். அந்தப் பக்கத்தின் 5.2, கூடிய 6.5, கட்டிய 4.5 எல்லாம் சேர்த்து 16 டன் சொச்சம், பக்கத்துக்கு இரண்டு கால் என்றால் காலுக்கு 8 டன். தளர்ந்த கடற்கரை மணலுக்குச் சதுர மீட்டருக்கு 5 டன்னுக்கு மேல் வைக்காதீர்கள். அப்படியானால் ஒவ்வொரு காலடியிலும் 1.3 மீட்டர் சதுரத்துக்குக் கட்டை அடுக்கு வேண்டும். பழைய ரயில்வே மரக்கட்டை கிடைத்தால் உத்தமம். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரிசை போட்டு, மேலே 12 மி.மீ. தகடு. மேல்மணலை அரையடி வெட்டி, தண்ணீர் ஊற்றி இடித்த பிறகே கட்டையை வையுங்கள்.

தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்ப்பது முதல் நாள் மட்டும் போதாது. மணலில் ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் கால் அதிகம் இறங்கும். காலி கப்பலை முப்பது தடவை ஓட்டி, மட்டம் பார்த்து, ஜாக்கி போட்டு ஆப்பு திருத்தி, மணல் மூட்டையோடு மறுபடி ஓட்டிவிட்டு, பிறகு டிக்கெட் கொடுங்கள். அதன்பின் தினமும் ஒருமுறை பாருங்கள்.

காற்று

ராமேசுவரத்துக் கடல்காரர்கள் வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) என்று பிரிப்பது ராட்டினக்காரருக்கும் பொருந்தும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் ஐப்பசியிலிருந்து தை வரை வாடை அடிக்கும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும். சந்தனக்கூடு பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், சில ஆண்டு முன்பு எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினோமோ அதே பக்கம் இந்த ஆண்டுக்குச் சரிப்படாது. கப்பலின் முனை காற்றைப் பார்க்கட்டும், விலா பார்க்க வேண்டாம். ரயிலில் கடைசி மேட்டைக் காற்று பின்னாலிருந்து தள்ளும்படி திருப்புங்கள். மாலைக் கடற்காற்று எதிரே அடித்தால் காலிப் பெட்டி மேடேற மாட்டாமல் பள்ளத்தில் நின்றுவிடும். ஆள் நிறைந்த வண்டி ஏறிவிடுவதால் பகலில் ஆளோடு சோதித்தவருக்கு இது தெரியாது.

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் விழாமல் இருந்தது. ஐரோப்பிய ராட்டின நெறிமுறை ஈ.என். 13814 இயங்கும் ராட்டினத்துக்கு விநாடிக்கு 15 மீட்டர், அதாவது 54 கி.மீ. காற்றைக் கணக்கில் வைக்கிறது. அப்படி வடிவமைத்த ராட்டினத்துக்கு உரிய அளவு அது. பட்டறையில் பார்த்துக் கட்டியதை 40-லேயே நிறுத்துங்கள். காற்றுமானியை ராட்டினத்தின் உச்சியில் கட்டுங்கள், டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் கட்டிப் பயனில்லை.

உப்பு

மண்டபம் முகாமில் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு உலோக அரிப்பைச் சோதிக்கவே ஒரு நிலையம் இருக்கிறது. இரும்பு சீக்கிரம் அரிக்க வேண்டுமென்று தேடிப் போய் வைத்த இடத்தில் நீங்கள் சீசன் போடுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பைப்புக்குள் உப்பு ஈரம் புகுந்தால் வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பைப் பாதியாகியிருக்கும். இரண்டு முனையும் முழுதாக வெல்டிங் வைத்து மூடுங்கள், இல்லையேல் தாழ்ந்த இடத்தில் வடிதுளை விடுங்கள். துத்தநாகத்தில் முக்கப்போகும் பைப் என்றால் துளைதான், முழுதாக மூடிய பைப் முக்கும்போது வெடிக்கும். அரைகுறையாக மூடுவது இரண்டையும்விட மோசம். 5 மி.மீ.க்கு மேல் கனமான இரும்புக்கு உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய பூச்சு சுமார் 85 மைக்ரான் வரும். பிறகு அதன்மேல் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விடும் என்பதால் துளை, பிராக்கெட் எல்லாம் முக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

களத்தில் வெல்டிங் வைக்க நேர்ந்தால் கேஸை மேலே ஊதி வைக்கும் மிக் வெல்டிங் வேண்டாம். கடற்காற்று கேஸை அடித்துக்கொண்டு போய்விடும், வெல்டிங்கில் புழை விழும். 7018 வெல்டிங் ராடு எடுங்கள். பாக்கெட்டைப் பிரித்து ஒரு ராத்திரி வெளியே வைத்திருந்தால் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டுக் காயவைத்த பிறகே தொடுங்கள். ஈரம் குடித்த ராடு அன்றைக்கு நன்றாகவே ஒட்டும், விரிசல் பிறகு வரும்.

கொலம்பஸ் கப்பலை ஓட்டுவதும் நிறுத்துவதும் அடியில் உரசும் ஒரே டயர்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் கப்பலின் அடித்தகட்டில் உப்பு ஈரம் வேர்த்து நிற்கும். டயர் வழுக்கும். ஏறும்போது வழுக்கினால் மோட்டார் சத்தத்தில் தெரிந்துவிடும், நிறுத்தும்போது வழுக்கினால் கப்பல் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும், பயந்த பையன் எவனாவது மடியை அழுத்திப் பிடிக்கும் மடிக்கம்பியைத் தூக்கிவிட்டு இறங்கப் பார்ப்பான். ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை அடித்தகட்டைக் காய்ந்த சாக்கால் துடையுங்கள். மடிக்கம்பியின் பூட்டை இயக்குபவர் திறந்தால்தான் திறக்கும்படி வையுங்கள். டயரில் காற்று குறைந்திருந்தாலும் இதே கதைதான்.

எர்த் விஷயத்தில் மட்டும் கடற்கரை நமக்கு அனுகூலம். உப்பு ஈர மணலில் எர்த் நன்றாகக் கிடைக்கும். ஆனால் இணைப்பு நட்டு ஒரே சீசனில் அரித்துவிடும், புது இடத்தில் புது நட்டு போடுங்கள். ஒவ்வொரு லைட் வரிசைக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பிரேக்கர் வேண்டும்.

பிரிக்கும்போது எல்லாவற்றையும் கழுவி ஏற்றுவது வழக்கம். திருவிழாத் திடலில் கிடைக்கும் போர்த் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகும். சாஃப்ட், பேரிங் வீடு, காட்டர் பின் துளைகளுக்காவது குடிநீர் லாரியில் இரண்டு டிரம் நல்ல தண்ணீர் வாங்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய கிரீஸை முழுதாகத் தள்ளிப் புதுக் கிரீஸ் வெளியே எட்டிப் பார்க்கும் வரை அடித்துவிட்டு லாரியில் ஏற்றுங்கள்.