தாமிரச் சுரங்கத் தாக்க அறிக்கையை எங்கிருந்து வாசிப்பது?

அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் கலக்கும் நுஷகாக், க்விச்சாக் ஆறுகள் பிறக்கும் இடத்தில் பெப்பிள் தாமிரப் படிவு இருக்கிறது. சாக்கை சால்மன் மீன்கள் முட்டையிட வரும் ஓடைகள் அவை. அங்கே சுரங்கம் தோண்டுவதற்கான இறுதிச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை 2020 ஜூலையில் வெளியானது. நவம்பரில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அனுமதி மறுத்தது. இப்படிப்பட்ட அறிக்கை கைக்கு வந்தால் சுருக்கவுரையை ஒதுக்கிவிட்டு, பின்னிணைப்பில் உள்ள பாறைச் சோதனை அட்டவணைகளை முதலில் திறந்து பாருங்கள். சுரங்க நீரின் தரம் பற்றிய கணிப்பெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

பாறையிலுள்ள பைரைட் (இரும்பு சல்ஃபைடு கனிமம்) மீது காற்றும் நீரும் பட்டால் அமிலம் உண்டாகும். அமிலம் தாமிரத்தைக் கரைக்கும். சல்ஃபைடு கந்தகத்தின் சதவீதத்தை 31.25ஆல் பெருக்குங்கள். ஒரு டன் பாறை தரக்கூடிய அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை கிலோ கால்சியம் கார்பனேட் வேண்டும் என்பது கிடைக்கும். கந்தகம் 2% என்றால் 62.5 கிலோ. அதே பாறையின் நடுநிலையாக்கும் திறன் 40 கிலோ என்றால் விகிதம் 0.64. ஒன்றுக்குக் கீழே போனால் அமிலம் வரும் என்றே கொள்ளுங்கள். 1 முதல் 2 வரை சந்தேகம். சராசரியை மட்டும் கொடுத்திருந்தால் ஏற்காதீர்கள், பாறை வகைவாரியாகக் கேளுங்கள். இரும்புக் கார்பனேட்டையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் நடுநிலையாக்கும் திறன் பொய்யாகக் கூடித் தெரியும்.

அடுத்தது ஈரப்பதக் கலச் சோதனை. நொறுக்கிய பாறை ஒரு கிலோ. மூன்று நாள் உலர்காற்று, மூன்று நாள் ஈரக்காற்று, ஏழாம் நாள் நீரூற்றிக் கழுவி அந்த நீரைச் சோதிப்பார்கள். இந்தச் சுற்றைக் குறைந்தது 20 வாரம் செய்ய வேண்டும் என்பது விதி. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் கோளாறு. பாறையில் அமிலத்தை நடுநிலையாக்கும் கார்பனேட் தீரும்வரை நீர் நல்லதாகவே வரும். தீர்ந்தபின் அமிலம் இறங்கும். எனவே கடைசி வாரத்தில் கார்பனேட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

ஓடைநீர் மாதிரியை எடுத்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அதன்பிறகே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். முறை மாறினால் மண் துகளிலுள்ள தாமிரமும் கரைந்து, ஓடையில் ஏற்கெனவே தாமிரம் அதிகம் என்று காட்டிவிடும். சுரங்கம் சேர்க்கப்போகும் தாமிரம் சின்னதாகத் தெரியும். ஆனால் தாமிரம் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கூடினாலே சால்மனின் மோப்பத்திறன் கெடும். ஆய்வகத்தால் கண்டறிய முடிந்த குறைந்தபட்ச அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் அந்தத் தரவால் பயனில்லை. பனி உருகும் வாரங்களில் மாதிரி எடுத்தார்களா என்பதையும் தேதி பார்த்து உறுதிசெய்யுங்கள்.

தாது பிரித்தபின் மிஞ்சும் கழிவுச்சேற்றைத் தேக்கும் அணைக்காக, அதன் அடிநிலத்தைத் துளையிட்டு ஆராய்ந்த பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். 2014 ஆகஸ்டில் கனடாவின் மவுண்ட் பாலி தாமிர-தங்கச் சுரங்க அணை உடைந்தது, அடியிலிருந்த பனியாற்று ஏரிக் களிமண் அடுக்கைக் கள ஆய்வு சரியாகக் கண்டறியாததால்தான்.

சுரங்க ஆயுளையும் படிவின் அளவோடு ஒப்பிடுங்கள். பெப்பிளில் விண்ணப்பம் 20 ஆண்டுக்கு, சுமார் 130 கோடி டன் தாது எடுக்க. படிவோ ஆயிரம் கோடி டன்னுக்கு மேல். விரிவாக்கத்தையும் சேர்த்து மதிப்பிட்டார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆட்சேபத்தை எழுதும்போது பக்க எண், அட்டவணை எண், விடுபட்ட சோதனை, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற நான்கையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். பொதுவான எதிர்ப்பை அனுமதி தரும் துறை கணக்கில் சேர்த்துவிட்டுக் கடந்துபோக முடியும். இப்படிக் குறிப்பாக எழுதிய ஆட்சேபத்தை அப்படிக் கடந்துபோவது கடினம்.