பழைய படத்தில் முகம் அகலமாகத் தெரிகிறதா?

பண்டிகை நாளில் டிவியில் காலையிலிருந்தே கறுப்பு வெள்ளைப் படங்களாகப் போட்டால், முதல் வேலையாக ரிமோட்டை எடுத்துப் படத்தின் அளவைப் பாருங்கள். 1940களில் எடுத்த படங்கள் ஏறக்குறைய 4:3 அளவில் இருக்கும், அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. இப்போதைய டிவி 16:9. இழுத்துக் காட்டினால் கதாநாயகி முகம் பணியாரம் மாதிரி ஆகிவிடும். 4:3க்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். பட்டை ஏற்கெனவே இருந்தால் மாற்ற வேண்டாம், முகம் ஒடுங்கிவிடும்.

அடுத்தது சத்தம். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் தரை. வசனம் எதிரொலித்துக் குழம்பும். சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். தரையில் ஜமக்காளம் விரித்து, சன்னலுக்குத் தடித்த திரை போட்டுப் பாருங்கள். எங்கள் அப்பத்தா "என்னடி சொல்றான்?" என்று கேட்பது பாதியாகக் குறைந்தது.

'நாம் இருவர்' (1947) போட்டால் விட்டுவிடாதீர்கள். ஏவி.எம். அதை எடுத்தது நம் காரைக்குடியில்தான். அப்புறம், சீடையை முந்தின நாளே செய்து வைத்துவிடுங்கள். விளம்பர இடைவெளிக்குள் அடுப்படி வேலை முடியாது.