கல்வெட்டு மைப்படி: தாளின் ஈரம்தான் பாதி வேலை

வணிகக் குழுக்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறவர்கள் அச்சில் வந்த பாடத்தோடு நிறுத்திவிடக் கூடாது. சுமத்திராவில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த, சக ஆண்டு 1010 (கி.பி. 1088) இட்ட தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. அதே குழு தமிழகத்துக் கல்வெட்டுகள் பலவற்றிலும் வருகிறது. இரண்டையும் ஒப்பிடும்போது ஓரெழுத்து பிசகினால் ஊரே மாறிப்போகும். ஒளிப்படத்தில் கல்லின் பொரிவும் எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும். கல்லில் ஈரத் தாளை ஒட்டி, மேலே மை ஒற்றி எடுக்கும் மைப்படி அவ்வளவாக ஏமாற்றாது.

முதலில், நீங்கள் படி எடுக்கப்போகும் கல்வெட்டு தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எழுத்துமூல அனுமதி: இடத்தைப் பொறுத்து மத்தியத் தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை அல்லது கோயில் நிர்வாகம். ஓவியப் பூச்சு, பொருக்கு உதிரும் கல், விரிசல் விட்ட பலகை இவற்றில் படி எடுக்கவே வேண்டாம்.

எழுத்துக் குழிக்குள் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் தாள் உள்ளே இறங்காது. தண்ணீரும் தேங்காய்நார்த் தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, ஆணி, அமிலம் கூடாது. இன்று விழும் கீறல் நாளை எழுத்தாக வாசிக்கப்படும்.

மேப்லித்தோ என்ற அச்சுத் தாளை நனைத்து, ஈரக் கல்லில் மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். அடுத்த தாள் முந்தையதன்மேல் இரண்டு விரல் அகலம் ஏறியிருக்கட்டும். காற்றுக் குமிழியை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அடர்ந்த தூரிகையால் நேராகத் தட்டுங்கள். தேய்த்தால் தாள் கிழியும். தாள் குழிக்குள் இறங்கி எழுத்தின் ஓரம் கூர்மையாகத் தெரியும்வரை தட்ட வேண்டும். கிழிந்த இடத்தில் ஈரத் துண்டுத்தாள் ஒன்றை வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

இனி பொறுமை. தாளின் பளபளப்பு அடங்கி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதம் வேண்டும். அதற்கு முன் மை வைத்தால் கசிந்து எழுத்துக்குள் ஓடும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பும், எழுத்து இரட்டையாக விழும். வெயில் ஏறினால் இந்தப் பதம் சில நிமிடங்களில் போய்விடும். அதனால் விடிகாலையில் தொடங்குவது நல்லது; காற்று அடிக்கும் நாளில் வேலையைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

விளக்குக்கரியும் பிசினும் சேர்ந்த மையைப் பலகையில் மெல்லத் தடவி, பஞ்சு அடைத்த துணிப்பந்தை அதில் ஒற்றுங்கள். பழந்தாளில் இரண்டு முறை தட்டி மிகுதியைப் போக்கிய பிறகே கல்வெட்டுக்கு வாருங்கள். லேசாக மூன்று நான்கு சுற்று ஒற்றினால் தளம் கறுத்து எழுத்து வெள்ளையாக நிற்கும். ஒரே சுற்றில் கறுக்கவைக்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு.

காய்ந்ததும் மேல்மூலையிலிருந்து உரித்து, பின்பக்கம் பென்சிலால் ஊர், கோயில், சுவரின் திசை, தாள் வரிசை எண், நாள் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். ஊருக்குத் திரும்பியபின் எழுதலாம் என்று விட்ட தாள்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

வாசிக்கையில் மெய்யெழுத்தின் புள்ளியைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இராது. எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் இராது. காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஆட்சியாண்டில் ‘௨’ என்ற எண்ணும் ‘உ’ என்ற எழுத்தும் ஒரே வடிவம். மை நிரம்பி ஐயம் வந்த எழுத்துக்குத் தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். குழி அங்கே மேடாக, இடவலம் மாறி நிற்கும்.